மிருதங்கம் வந்ததும் பிள்ளைகளுக்குக் கால் தடுமாறுகிறது, ஊர் ஆட்டத்தில் தடுமாறவில்லை. ஏன்?

சலங்கை_கோத்தகிரி:

கோத்தகிரியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய நாட்டியப் பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட கூடம், சிமெண்ட் தரை. ஐப்பசியில் மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் நான் சொல்லும் ஜதி (ஆட்டத்துக்கான தாளச் சொற்கள்) எனக்கே கேட்காது, அன்றைக்கு அபிநய வகுப்புதான். பிள்ளைகளில் பாதிக்கு மேல் பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படகர் ஊர்கள்) வரும் படகர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் பஜாரிலிருந்தும் வருகிறார்கள்.

வகுப்பில் தாளம் தட்டுவதற்குத் தட்டுமணை என்கிற கட்டையும் தட்டுக்கழி என்கிற குச்சியும்தான். மேடை என்றால் பென் டிரைவில் இருக்கும் பதிவு. இந்த வருடம் ஆண்டு விழாவுக்குப் பெற்றோர்கள் பணம் சேர்த்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிருதங்க வித்வானை வரவழைத்தார்கள். ஒத்திகை அன்று மத்தியானம் ஒரே ஒரு தடவை. மனிதர் நன்றாக வாசிப்பவர், அதில் சந்தேகமே இல்லை. மேடையில் முதல் உருப்படியான அலாரிப்பு எப்படியோ கரையேறியது. அடுத்த உருப்படி ஜதிஸ்வரத்தில் இரண்டாவது கோர்வைக்குள் (அடவுத் தொடருக்குள்) நுழைந்ததும் பிடி விட்டுப்போனது. ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் காலைப் பார்க்கிறாள், இன்னொருத்தி அப்படியே நின்று மிருதங்கக்காரரின் கையைப் பார்க்கிறாள். நான் தாளத்தை ஓங்கித் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன்.

பிறகு விழாவின் பதிவைப் போட்டுக் கேட்டேன். அவர் எங்கேயும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு அடி கொடுக்கவும் இல்லை. சில இடத்தில் சமத்தை (தாளம் தொடங்கும் தட்டை) விட்டுவிட்டு அடுத்த அரையிடத்தில் எடுக்கிறார், சில இடத்தில் கார்வையை (அடிகளுக்கு நடுவே விடும் இடைவெளியை) முழுக்க நிரப்புகிறார், சில இடத்தில் சும்மா இருக்கிறார். பிள்ளைகள் காத்திருந்த சத்தம் வரவில்லை, காத்திராத சத்தம் வந்தது.

போகும்போது அவர் சொன்னது: "பிள்ளைகளுக்குத் தாளம் நிற்கலை." இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் இதே பிள்ளைகள்தான் மார்கழியில் ஹெத்தெ ஹப்பா என்கிற படகர் திருவிழாவுக்கு ஊரோடு சேர்ந்து வட்டமாக ஆடினார்கள். நானும் போயிருந்தேன். கொட்டு வேகமெடுத்தால் இவர்களும் வேகமெடுக்கிறார்கள். யாரும் எண்ணவில்லை, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜதிஸ்வரத்தில் சிலையாக நின்றவள் அங்கே தன் அத்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டே அடி பிசகாமல் ஆடுகிறாள். இவளுக்கா தாளம் நிற்காது?

என் கேள்வி இதுதான். ஆடுகிறவளின் உடம்பு கொட்டிலிருந்து உண்மையில் எதை எடுத்துக்கொள்கிறது? மிருதங்கம் காலைப் பின்தொடர வேண்டுமா, கால் மிருதங்கத்தையா? நாட்டியத்துக்கு வாசிப்பவர்கள், வேறு ஆட்டம் ஆடுபவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். "பயிற்சி போதாது" என்று மட்டும் எழுத வேண்டாம், அது எனக்கே தெரியும்.

---

தொப்பிப்பக்கம்:

டீச்சர், நான் குன்னூர். நாட்டியத்துக்கு வாசிக்கிறவன். கச்சேரிக்கும் வாசித்ததுண்டு, ஆனால் பிழைப்பு நாட்டியத்தில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யார் யாரைப் பின்தொடர வேண்டும் என்று கேட்டீர்கள். ஜதியில் இரண்டு பேரும் ஜதி சொல்லித் தாளம் போடுகிற நட்டுவனாரின் வாயைப் பின்தொடர வேண்டும். அவர் சொல்கிற சொல்கட்டுதான் எஜமான். கால் அதை ஒரு விதமாகச் சொல்கிறது, மிருதங்கம் இன்னொரு விதமாகச் சொல்கிறது. கால் சொல்வதையே மிருதங்கமும் சொன்னால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதுதான். உங்கள் பிள்ளைகள் காலைத் தட்டுக்கழியோடு கட்டிவைத்திருக்கிறார்கள், சொல்லோடு கட்டவில்லை என்று நினைக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தை மாதிரி. சுவர் முடிந்ததும் உட்கார்ந்துவிடும்.

நாட்டடவு என்கிற அடிப்படை ஆட்டப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். "தெய்யும் தத் தத் தெய்யும் தா." "தெய்யும்" ஏன் நீளமாக இருக்கிறது? கால் பக்கவாட்டில் நீண்டு குதிகால் ஊன்றி, கையும் கூடவே விரிய வேண்டும். அந்தப் பயணத்துக்கு நேரம் வேண்டும். "தத்" ஏன் வெட்டென்று நிற்கிறது? கால் திரும்பி வந்து அரைமண்டியில் (முழங்கால் மடித்த பாதி உட்கார்ந்த நிலையில்) தட்டிவிட்டது, இனி பயணம் இல்லை. உடம்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தட்டுக்கழியில் இது கிடையாது. அதில் எல்லாம் ஒரே "டக்". அடி விழும் இடம் தெரியும், இரண்டு அடிக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. நாட்டியமே அந்த நடுவில்தானே இருக்கிறது?

இன்னொன்று, குதித்து மெட்டடவு. "தெய் ஹத் தெய் ஹி." "தெய்"யில் நுனிக்காலில் குதிக்கிறார்கள், சத்தம் குறைவு. அடுத்த சொல்லில் குதிகால் இறங்குகிறது, அதுதான் கேட்கிற அடி. வாயில் "தெய்" அழுத்தமாக வரும், தரையில் அதற்கு அடுத்தது அழுத்தமாக விழும். நான் மிருதங்கத்தில் எதை அழுத்துவது? "தெய்"யை அழுத்தினால் குதிப்புக்குத் தெம்பு கிடைக்கிறது, அடுத்ததை அழுத்தினால் இறக்கம் கனமாகத் தெரிகிறது. இரண்டும் சரி. சின்னப் பிள்ளைகள் ஆடினால் முதலாவது, தேர்ந்தவர்கள் ஆடினால் மாற்றி மாற்றி. வந்த வித்வான் உங்கள் பிள்ளைகளைத் தேர்ந்தவர்களாக நினைத்து வாசித்திருக்கிறார். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஒத்திகை போதாது என்பேன்.

அலாரிப்பு ஏன் தப்பித்தது தெரியுமா? தொடக்கத்தில் கால் ஓடாது. "தாம் தித்தாம் தெய்தத் தெய்" என்று சொல்லும்போது வேலை கண்ணுக்கும் கழுத்துக்கும்தான். கொட்டு காலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதை ஒரு தடவை கவனிக்க வேண்டும். நான் அங்கே வாசிப்பது கண்மணிக்கு. கண் ஓரத்துக்குப் போய் நிற்கிற இடத்தில்தான் என் அடி.

நாங்கள் என்ன பார்த்து வாசிக்கிறோம் என்று பலர் கேட்பார்கள். பாதத்தைப் பார்த்தால் கதை முடிந்தது. பாதம் தரையில் பட்டதைக் கண்டு நான் அடித்தால் தாமதமாகத்தான் விழும். முழங்காலைப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு உயர்கிறது, எந்த வேகத்தில் உயர்கிறது என்று பார்த்தால் எப்போது இறங்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும். ஆடுகிறவளுக்கும் இதேதான். சத்தம் கேட்ட பிறகு காலைத் தூக்குகிறவள் எப்போதும் பின்னால்தான் இருப்பாள். சீராக வரும் "டிக் டிக்" சத்தத்தோடு விரலைத் தட்டச் சொல்லி ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் விரல் சத்தத்துக்குச் சில பத்து மில்லிசெகண்ட் முன்னாலேயே விழுந்துவிடுகிறது. அதாவது தாளத்தோடு சேர்வது என்பது கேட்டுச் செய்கிற வேலை இல்லை, எதிர்பார்த்துச் செய்கிற வேலை. உங்கள் பிள்ளைகளின் எதிர்பார்ப்பு தட்டுக்கழியின் எதிர்பார்ப்பு. அது வராதபோது உள்ளே வேறு எதுவும் ஓடவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன். அன்றைக்கு மேடையில் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் தடித்த ஒலி தரும் இடப்பக்கம், அவர்களுக்குக் கேட்டதா?

மலையில் வாசிக்கிறவனுக்குத்தான் இந்த வேதனை தெரியும். பனிமூட்டம் இறங்கினால் தோல் ஈரத்தை வாங்கித் தளரும். வலந்தலையை, அதாவது வலப்பக்கத்தை, கல்லும் கட்டையும் வைத்துத் தட்டி மேலே ஏற்றிவிடலாம். தொப்பியில் ரவை அப்பியிருக்கிறோம், அது ஊறி ஊறி "தொம்" செத்துப்போகும். அதோடு பள்ளிக்கூட விழாவில் கட்டுகிற ஒலிபெருக்கி இருக்கிறதே, அந்தக் கொம்புப் பெட்டி, அதில் தடித்த ஒலி வரவே வராது. மைக்கையும் வலந்தலைப் பக்கம் மட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். அப்போது பிள்ளைகளுக்கு என்ன கேட்கும்? "தி", "நம்", "சாபு" மட்டும். இடத்தை நிரப்புகிற சொற்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். உடம்பின் கனத்தைத் தாங்குகிற "தொம்" இந்தப் பக்கம். கனம் கேட்காமல் நிரப்புகிற சொல் மட்டும் கேட்டால் எனக்கே கால் போகும். தாளத்தைப் பிடிக்கக் காது தடித்த ஒலியைத்தான் அதிகம் நம்புகிறது என்று 2014-இல் வந்த ஒரு ஆய்வும் சொல்கிறது. தவில்காரரும் பம்பைக்காரரும் அதை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எதிரொலியும் ஒரு வில்லன். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். பெட்டிகள் சபையைப் பார்த்து நிற்கும். பின் சுவர் 17 மீட்டரில் இருந்தால் போய்த் திரும்ப 34 மீட்டர், நொடியில் பத்தில் ஒரு பங்கு. தாளம் நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்தால், நாலு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைப்பதே கால் நொடி. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி இன்னொரு மிருதங்கம் சுவரிலிருந்து வருகிறது. பிள்ளை எந்த மிருதங்கத்துக்கு ஆடுவாள்?

என்ன செய்யலாம் என்றால், முதலில் காலை விட்டுவிட்டு வாயால் சொல்ல விடுங்கள். கையில் தாளம், வாயில் சொல். பிறகு சொல்லிக்கொண்டே ஆடட்டும், மூச்சு வாங்கும், பரவாயில்லை. அதன்பின் தட்டுக்கழியைச் சமத்தில் மட்டும் தட்டுங்கள். நடுவில் இருப்பதை அவர்களே நிரப்பட்டும். அது நின்ற பிறகு நீங்கள் வேண்டுமென்றே வேறு அடி அடியுங்கள், குறுக்கே, அரையிடத்தில். சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். மெதுவான முதல் காலத்தில் நிறைய நேரம் செலவிடுங்கள். வேகமாக ஆடுவதுதான் கஷ்டம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மெதுவாக ஆடும்போது அந்த வெறும் இடத்தில் உடம்பை எப்படி நகர்த்துவது என்பதுதான் கஷ்டம்.

---

ஹட்டிக்காரன்:

வணக்கம் டீச்சர். நான் படகர், ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பிள்ளைகளுக்குப் பரிந்து பேசியதற்கு நன்றி. ஆனால் "யாரும் எண்ணவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது.

எங்கள் ஆட்டத்தில் முன்னால் போகிற அடி, திரும்புகிற அடி, பின்னால் வைக்கிற அடி எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அது வாயில் இல்லை, முன்னால் ஆடுகிறவரின் முதுகில் இருக்கிறது. வட்டத்தில் பெரியவர்கள் முன்னே போவார்கள், சின்னப் பிள்ளை வால் பக்கம் சேரும். அது கொட்டைக் கேட்டு ஆடுவதைவிட மாமாவின் தோளைப் பார்த்து ஆடுகிறது. தோள் சாய்ந்தால் அடுத்தது திருப்பம். மிருதங்கக்காரர் முழங்காலைப் பார்ப்பேன் என்கிறார் அல்லவா, எங்கள் பிள்ளைகள் தோளைப் பார்க்கிறார்கள். விஷயம் ஒன்றுதான்.

கொட்டும் வேறு மாதிரி. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும், மேலே குழல் தன் போக்கில் போகும். மாற்றம் வேண்டும் என்றால் "ஹௌ ஹௌ" என்று குரல் எழும். அது உற்சாகக் கூச்சல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உற்சாகமும்தான், ஆனால் அதைக் கேட்டு மூச்சும் அடியும் ஒன்றாகின்றன. முன்பெல்லாம் எங்களுக்கு வாசித்தவர்கள் கோத்தர்கள். குழல், மத்தளம், வட்டப் பறை, வளைந்த கொம்பு என்று வருவார்கள். அவர்கள் தங்கள் சாமிக்கு வாசித்து ஆடுவதைப் பார்த்தால் தெரியும், அங்கேயும் வட்டம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மலையில் தோடர்கள் கொட்டே இல்லாமல் ஆடுகிறார்கள். கைகோத்து வட்டமாக நின்று, குரலாலேயே அடி வைப்பார்கள். ஊட்டிக்கு மேலே ஒரு மந்தில் (அவர்கள் குடியிருப்பில்) பார்த்திருக்கிறேன். தரை அதிர்கிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு தோல் கருவிகூட இல்லை. ஆக, கொட்டு இல்லாவிட்டால் கால் நிற்காது என்பது பொதுவான விதி இல்லை. கூட ஆடுகிறவர்களின் உடம்பே கொட்டாகிவிடும்.

பரதநாட்டியத்தில் பிள்ளையை நீங்கள் சபையைப் பார்த்து நிறுத்துகிறீர்கள். முன்னால் முதுகு இல்லை, பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் தப்பு. அதோடு தவறினால் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வட்டத்தில் ஒரு பிள்ளை தவறினால் வட்டம் போய்க்கொண்டே இருக்கும், அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளும். அந்த தைரியத்தை எடுத்துவிட்டுத் தாளத்தை மட்டும் கேட்டால் எப்படி வரும்? வகுப்பில் நாட்டடவை ஒரு தடவை வட்டமாகப் போடச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது கல்யாணங்களில் கீபோர்டு வைத்த பதிவுப் பாட்டுதான். எல்லாப் பாட்டுக்கும் ஒரே எலெக்ட்ரானிக் அடி. எங்கள் இளவட்டங்களின் ஆட்டமும் தட்டையாகிக்கொண்டு வருகிறது. உங்கள் பென் டிரைவும் அதே ரகம்தான் டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

உறுமி_தாண்டிக்குடி:

அக்கா, நான் பழனிமலைப் பக்கம். பறையும் உறுமியும் அடிப்பேன். இங்கே எல்லாரும் பெரிய பெரிய விஷயம் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பறை அடிக்கிறவனே ஆடுகிறவன். இடது கையில் நீளமான சிண்டுக் குச்சி, வலது கையில் அடிக்குச்சி, பறை தோளில் தொங்கும். அடி மாறினால் கால் தானாக மாறும், ஏனென்றால் இரண்டும் ஒரே உடம்பு. சாமிச்சாட்டு அடிக்கு நடக்கிற கால் வேறு, சப்பரத்து அடிக்கு நடக்கிற கால் வேறு. புதுப் பையன்களுக்கு நாங்கள் முதலில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பதில்லை. அடி கை வந்ததும் கால் பாதி வந்திருக்கும்.

உறுமி வேறு ரகம். ஒரு பக்கம் அடி, இன்னொரு பக்கம் வளைந்த குச்சியால் உரசல். அடி "இங்கே வை" என்று சொல்லும். உரசல் இழுத்துக்கொண்டே போகும், அதற்கு ஒரு இடம் கிடையாது. காவடிக்காரர்களைப் பாருங்கள். உரசல் நீளும்போது முட்டி தாழ்ந்து உடம்பு சுழலும், அடி விழும்போதுதான் பாதம் ஊன்றும். மிருதங்க அண்ணன் சொன்ன "நடுவில் என்ன" என்பதற்கு உறுமியில் தனிச் சத்தமே இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரம் வந்தால் கண்ணால் பார்க்கலாம்.

கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்கிற உறுமி சொல்வதைக் கேட்டுத்தான் கையில் துணியும் காலில் சலங்கையுமாக ஆடுவார்கள். அங்கே கொட்டுதான் வாத்தியார். அதனால் கால் கொட்டைப் பின்தொடரக்கூடாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் கையில் குச்சியைக் கொடுங்கள் அக்கா. பாதிப் பேர் தகர டப்பாவில் ஜதியை அடிக்கட்டும், பாதிப் பேர் ஆடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். தட்டுக்கழி ஏன் எப்போதும் டீச்சர் கையிலேயே இருக்கிறது?

அப்புறம் தோல் தளர்ந்தால் நாங்கள் நாலு சருகைக் கொளுத்திக் காட்டுவோம், பறை "கணீர்" என்று ஏறிவிடும். மிருதங்க அண்ணனுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

---

கோடை_கூத்து:

எல்லாரும் காலும் அடியும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பேசுகிறீர்கள். அமெரிக்காவில் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனத்தைத் தனியாக அமைத்தார், ஜான் கேஜ் இசையைத் தனியாக அமைத்தார். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மொத்த நேரம் மட்டும். பல சமயம் ஆடுகிறவர்கள் அந்த இசையை முதன்முதலாகக் கேட்டதே முதல் காட்சியில்தான். யாருக்கும் கால் தடுமாறவில்லை. கோடைக்கானலில் நாங்கள் சிலர் அப்படி முயற்சி செய்திருக்கிறோம். மிருதங்கம் ஒரு பக்கம் கண்டத்தில் (ஐந்தெண்ணிக்கை நடையில்) போகட்டும், உடம்பு தன் வேகத்தில் போகட்டும், பார்க்கிறவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

---

தொப்பிப்பக்கம்:

மேலே உள்ளவருக்கு: அந்த ஆட்டக்காரர்கள் இசை இல்லாமலேயே நேரத்தை உடம்பில் வைத்துக்கொள்ளப் பழகியவர்கள். அதனால்தான் எந்தச் சத்தம் வந்தாலும் அசையவில்லை. டீச்சர் கேட்பதும் அதேதான். ஒரு வழியில் நீங்கள் என் கட்சி.

தாண்டிக்குடித் தம்பிக்கு: கொட்டு முன்னால் போகிற ஆட்டம் உண்டு, மறுக்கவே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. கேரளத்துக் கூடியாட்டத்தில் நடிகர் வசனம் பேசாமல் கைமுத்திரையாலும் கண்ணாலும் ஒரு காட்சியை விரித்துக்கொண்டே போவார். மிழாவுக்காரர் பின்னால் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்து வாசிப்பார். அங்கே கொட்டு முழுக்க உடம்பைப் பின்தொடர்கிறது. கதக்கில் தபலாவும் சலங்கையும் சொல்லுக்குச் சொல் கேள்வி பதிலாகப் போகும். பரதநாட்டியத்தில் இவை எல்லாம் ஒரே உருப்படிக்குள் மாறி மாறி வரும். வர்ணம் என்கிற நீண்ட உருப்படியில் தீர்மானம் (ஜதிக்கு ஆடும் பகுதி) என்றால் நான் நட்டுவனாரோடு ஒட்டிக்கொள்வேன். தட்டிமெட்டு என்றால் கால் எளிமையாக ஓடும், மேலே கை பாட்டுக்குப் பொருள் சொல்லும், நான் அடக்கி வாசிப்பேன். சஞ்சாரி (பாட்டின் பொருளை விரித்து நடிக்கும் இடம்) என்றால் தொப்பியில் லேசாகக் கும்கி என்கிற வளைந்த ஒலி, அவ்வளவுதான். அங்கே நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். இந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். "இங்கே சத்தம் குறையும், பயப்படாதே" என்று சொன்னாலே பாதி பயம் போய்விடும்.

சருகு கொளுத்துகிற யோசனைக்கு நன்றி தம்பி. என் மிருதங்கக் கட்டை பலா மரம், அதற்கு விலை கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

---

சலங்கை_கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை நாள் பேசாமல் இருந்தது சொன்னதைச் செய்து பார்க்கத்தான்.

வட்டமாக நாட்டடவு போட்டதில் பெரிய பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். சின்னவர்கள் அதை ஹப்பாவாக்கி "ஹௌ ஹௌ" போட ஆரம்பித்துவிட்டார்கள், அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. ஆனால் அரைமண்டி போய்விடுகிறது ஐயா. வட்டத்தில் போனால் எல்லாரும் நிமிர்ந்து ஊர் ஆட்டத்து உடம்புக்குப் போய்விடுகிறார்கள். அதனால் சூடேற்ற மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

டப்பா அடிப்பதில் யாருக்கு ஆட்டம் சுமாரோ அவள்தான் முதலில் ஜொலித்தாள். ஜதியை வாயில் சொல்லச் சொன்னால் முணுமுணுப்பவள், குச்சி கிடைத்ததும் கண்டத்தை "தக தகிட" என்று பிரித்துப் பிரித்து அடிக்கிறாள். அவளை நட்டுவாங்கத்தில் உட்கார வைக்க யோசனை. தட்டுக்கழி ஏன் என் கையிலேயே இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

தடுமாறியது தொப்பியால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் விழா வீடியோவில் மிருதங்கத்தின் முன்னே ஒரே மைக், அது வலந்தலையைப் பார்த்துத்தான் இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. மழைக்குப் பயந்து ஒரு நாள் வகுப்பைப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவின் கூடத்தில் வைத்தேன். மரப்பலகைத் தரை, அடியில் வெற்றிடம். தட்டடவு போட்டதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தங்கள் காலின் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டதுபோல. என் சிமெண்ட் தரை இத்தனை காலமாக அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே யார் முந்துகிறாள், யார் பிந்துகிறாள் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவர்களே சரிசெய்துகொண்டார்கள். பலகைக்கு என்ன செலவாகும் என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன்.

தொப்பிப்பக்கம் அண்ணா, அடுத்த நிகழ்ச்சி ஐப்பசிக் கடைசியில். நீங்கள் வாசிக்க வர முடியுமா? மழையும் பனியுமாகத்தான் இருக்கும்.

---

தொப்பிப்பக்கம்:

வருகிறேன் டீச்சர், குன்னூரிலிருந்து ஒரு பஸ்தானே. மூன்று விஷயம் மட்டும் கேட்கிறேன். ஒத்திகை நிகழ்ச்சியன்று வேண்டாம், ஒரு வாரம் முன்னால் அந்தப் பலகைத் தரையில் வைத்துக்கொள்வோம். என்னை மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் உட்கார வைக்காதீர்கள், பிள்ளைகளின் முழங்கால் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டு மைக், ஒன்று தொப்பிக்கு. கூடவே பிள்ளைகளைப் பார்த்தபடி மேடையிலேயே ஒரு சின்னப் பெட்டி இருந்தால் பின் சுவரின் தொல்லை குறையும்.

இரண்டு மிருதங்கம் கொண்டுவருகிறேன், ஒன்று நனைந்தால் மற்றது. ரவையும் என்னிடம் இருக்கிறது. அந்த டப்பா அடிக்கிற பெண்ணை ஒத்திகையில் என் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

---

உறுமி_தாண்டிக்குடி:

அக்கா, டப்பாவுக்கு முடிந்தால் எண்ணெய் டின் வாங்குங்கள். பெயிண்ட் டப்பா இரண்டு நாளில் நசுங்கிவிடும்.